புழு வளர்த்த வீட்டில் ஒரு பிள்ளையின் தூக்கம்

போன மாதம் ஒன்றிய அலுவலகத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சிக் கூட்டம் நடந்தது. ஓய்வு பெற்று வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் தூக்கம் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினேன். முடிந்ததும் ஒரு இளம் பணியாளர் எழுந்து, “எங்க சென்டர்ல சில புள்ளைங்க காலையில வந்ததுமே தூங்கி விழுதுங்க டீச்சர். ராத்திரியெல்லாம் வூட்ல டிவியும் போனும் ஓடுது. எழுப்பி உக்கார வைக்கிறதுங்களா, உட்டுடறதுங்களா?” என்று கேட்டார்.

“உட்டுடுங்க. சாயங்காலம் அந்த வூட்டுக்குப் போயி, புள்ள எங்க படுக்குதுன்னு பாருங்க” என்றேன்.

மேடையில் இருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கடத்தூர் பக்கம். எண்பதுகளில் ஏரியூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் பயிற்சி கொடுத்தார்கள். எடை போடுவது, சத்துமாவு கிண்டுவது, கை தட்டிப் பாட்டுச் சொல்லித் தருவது எல்லாம் அதில் இருந்தது. தூக்கத்துக்கு மட்டும் ஒரே வரிதான்: மதிய உணவுக்குப் பின் ஓய்வு. அந்த ஓய்வை எப்படி வரவழைப்பது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. ஒரு அறை நிறையப் பிள்ளைகளைப் படுக்க வைத்தால், ஒன்று சிரிக்கும். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பது சிரிக்கும். மூன்றாவது எழுந்து ஒன்றுக்குப் போகணும் என்று நிற்கும். நான் குச்சியைத் தூக்குவேன். எல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்ளும். இமைக்குள்ளே முழி மட்டும் உருண்டுகொண்டிருக்கும்.

எனக்குத் துணையாக இருந்தவர் மாரியம்மா. பால்வாடி ஆயா. சமையலும் அவர்தான், பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைப்பதும் அவர்தான். “தூங்கலன்னா நர்ஸம்மா வந்து ஊசி போட்டுருவாங்க” என்பது அவருடைய தாலாட்டு. பலன் என்னவென்றால், தடுப்பூசி போட நர்ஸ் வந்த அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் மல்பெரித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். பிடித்து வருவதற்குள் மருந்துப் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது.

இது சூப்பர்வைசர் அம்மாவின் காதுக்குப் போனது. அவர் பெயர் ரெஜினா. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதல் பஸ்ஸில் இறங்கி, குடையை மடக்கியபடியே நடந்து வருவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். நேராகத் தண்ணீர்ப் பானை மூடியைத் திறந்து பார்ப்பார். அடுத்து, கவிழ்த்து வைத்த தட்டு ஒன்றை எடுத்து மோந்து பார்ப்பார். பிள்ளைகள் எதிரில் யாரையும் திட்டியதில்லை. திட்ட வேண்டுமானால், “கொஞ்சம் பின்னால வா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கட்டடத்துக்குப் பின்பக்கம் போய்விடுவார். அங்கே ஒரு வேப்பமரம். அதன் கீழே நான் வாங்கியது கொஞ்சநஞ்சமில்லை. நாளாக ஆகப் பிள்ளைகளுக்கும் விவரம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, “டீச்சர், பின்னால வா” என்று விளையாட்டுக்குக் கூப்பிடும்.

மத்தியானம் தூங்க வைக்கிற முறையை அவர்தான் வகுத்துக் கொடுத்தார். சோறு சாப்பிட்டதும் கை, வாய், கால் மூன்றும் கழுவ வேண்டும். காலைத் துணியால் துடைக்க வேண்டும், ஈரக்காலோடு படுத்தால் பிள்ளை காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் ஒன்றுக்கு இருக்கவைத்துவிட்டு வர வேண்டும். ஜன்னலில் சாக்கு கட்டி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், காற்றை அடைக்கக் கூடாது. யாருக்கு எந்த இடமோ, தினமும் அதே இடம். வாயாடிகள் சுவரோரம், அழுமூஞ்சிகள் ஆயா பக்கம். கதை சொல்லலாம், ஆனால் புதுக்கதை கூடாது. புதுக்கதை என்றால் முடிவு தெரிகிற வரைக்கும் பிள்ளை தூங்காது.

அதனால் நான் ஒரு எருமைக் கதை வைத்திருந்தேன். எருமை ஏரிக்குப் போகும், தண்ணீர் குடிக்கும், திரும்பி வரும். அவ்வளவுதான் கதை. வேலையை விட்டு ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த எருமைதான் எனக்கு உழைத்தது.

“தூக்கம் வராத பிள்ளையை மிரட்டாதே. சும்மா படுத்துக் கிடந்தால் போதும்னு சொல்லு. எழுப்பும்போது கையைப் பிடிச்சு இழுக்காதே. சாக்கை அவிழ்த்து வெளிச்சத்தை விடு, தானா எழுந்திருக்கும். எழுந்ததும் கொஞ்ச நேரம் மந்தமா உக்காந்திருக்கும். அதையும் விட்டுடு” என்பார் ரெஜினா அம்மா. மிரட்டலுக்குப் பதில் எருமை வந்த பிறகு மாரியம்மாவுக்கும் வேலை குறைந்தது. பிள்ளைகள் தூங்கினார்கள். சில நாள் நானும் தூங்கினேன், அது சூப்பர்வைசர் அம்மாவுக்குத் தெரியாது.

இனி தனத்தைப் பற்றி.

தனம், மாதையன் என்பவரின் ஒரே பெண். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயது. நல்ல துறுதுறுப்பு. பாட்டை நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவள் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை, மழைக்காலம் முடிந்து ஒரு வாரமாக, காலையில் வட்டமாக உட்கார வைத்தால் பொத்தென்று முன்னால் சாய்ந்தாள். ஒருநாள் சிலேட்டில் நெற்றி இடித்தது. இன்னொரு நாள் வாசல்படியில் உட்கார்ந்தவள் அப்படியே சரிந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். எடையும் இறங்கியிருந்தது.

“இது வலிப்புங்க டீச்சர்” என்றார் மாரியம்மா. இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று கொத்துச்சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். தனம் கண்ணைத் திறந்து சாவியைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறக்கப் போய்விட்டாள்.

ஆனால் ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. வலிப்பு என்று ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் விழுந்தால் அது கல்யாணம் வரைக்கும் கூட வரும். அதைவிட அவசரமான பயம் ஒன்று இருந்தது. பென்னாகரம் போகிற வழியில் ஒரு பெரியவர் வலிப்புக்குச் சூடு போடுவார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நெற்றியில் வைப்பார். அப்படிச் சூடு வாங்கிய ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். நெற்றி நடுவில் தோல் சுருங்கி ஒரு காசு அளவுக்கு வழுவழுவென்று இருக்கும். தனத்தின் அம்மா கோவிந்தம்மா என்னிடம், “கூடு எடுத்ததும் அவங்கப்பா சந்தைக்குப் போவாருங்க. போற வழியிலயே எறங்கி, புள்ளைக்குச் சூடு போட்டுக் கூட்டியாந்துருவாரு” என்று, முடிவெட்டிக் கூட்டி வருவதைப் போலச் சொன்னார்.

கூடு என்றால் பட்டுக்கூடு. மாதையன் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் பல பேர் மல்பெரி போட்டு, வீட்டுக்குள்ளேயே புழு வைத்தார்கள். கிணறு வற்றுகிற ஊரில் அதுதான் கையில் காசு காட்டுகிற ஒரே வேலை.

ரெஜினா அம்மா அடுத்த முறை வந்தபோது சொன்னேன். அவர் பானையைப் பார்க்கவில்லை, தட்டை மோந்து பார்க்கவில்லை. காலை முழுவதும் தனத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தனம் சாய்ந்தாள். ரெஜினா அம்மா ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அவள் காதருகே, “தனம், இன்னைக்கு என்ன சோறு?” என்று கேட்டார். “பருப்பு” என்று கண்ணைத் திறக்காமலேயே பதில் வந்தது.

“கொஞ்சம் பின்னால வா.”

வேப்பமரத்தடியில் என்னை ஒவ்வொன்றாகக் கேட்டார். விழும்போது கை கால் இழுக்கிறதா? பாவாடை நனைகிறதா? கூப்பிட்டால் பதில் சொல்கிறாளா? எழுந்ததும் ஆளைத் தெரிகிறதா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாரியம்மா சமையல் அறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “போன தடவ புழு வெச்சப்பவும் இப்பிடித்தான் விழுந்துச்சுங்க. அப்புறம் சரியாப் போச்சு” என்றார். ரெஜினா அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“டாக்டர்கிட்டக் கட்டாயம் காட்டணும். அது ஒருபக்கம் இருக்கட்டும். வா, வீட்டைப் பார்த்துட்டு வரலாம்” என்றார்.

புழு வளர்க்கிற வீட்டுக்குள் யாரும் சட்டென்று நுழைய முடியாது. மாதையன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். காலைக் கழுவச் சொன்னார். நான் தலையில் வைத்திருந்த பூவை எடுத்துவிடச் சொன்னார். “பவுடர் வாசம் ஆவாதுங்கம்மா” என்றதும், ரெஜினா அம்மா மறுபேச்சில்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே ஒரே ஒரு நீள அறை. ஓரமாக அடுப்பு. மற்ற இடமெல்லாம் மூங்கில் தாங்கிகளில் தட்டுக்கு மேல் தட்டாகப் புழு. இலை போடும் சத்தமோ தின்னும் சத்தமோ இல்லை. மாதையன் உதட்டில் விரல் வைத்தார்.

“தூங்குதுங்க. நாலாவது தூக்கம். நாளைக்குச் சாயங்காலந்தான் எந்திரிக்கும்” என்றார், பெருமையாக.

புழு நாலு முறை தோலை உரிக்கும். அப்போது ஒன்றும் தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதைத்தான் தூக்கம் என்பார்கள். அந்த நேரத்தில் தட்டைத் தொட மாட்டார்கள், இலை போட மாட்டார்கள். நாலாவது தூக்கம் கலைந்து எழுந்தால் ஒரு வாரம் பெருந்தீனி தின்னும். அப்புறம் கூடு கட்ட ஏறிவிடும்.

“புள்ள எங்க படுக்குது?” என்று கேட்டார் ரெஜினா அம்மா.

கோவிந்தம்மா தாங்கிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டினார். ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலம். “இங்கதாங்க பாய் போடுவேன். எலை போடறப்ப வழி வேணுங்களே, அப்பத் தூக்கி அடுப்புகிட்ட உக்கார வெச்சுக்குவேன். போட்டு முடிச்சதும் மறுக்கா படுக்க வெச்சுருவேன்.”

“ராத்திரியில எத்தனை தடவை?”

“படுக்கறதுக்கு முன்ன ஒருக்கா, நடுச்சாமத்துல ஒருக்கா, கோழி கூப்படறப்ப ஒருக்கா. அழுவாதுங்க, பாவம். உக்காந்துக்கும்.”

ரெஜினா அம்மா மாதையனிடம் திரும்பினார். “இந்தத் தட்டை இப்போ நான் ஆட்டினா என்ன ஆகும்?”

“ஐயோ, ஆட்டாதீங்கம்மா. தோலு உரியாது. நோய் வந்துரும். கூடு கட்டாது.”

“புள்ளையை மட்டும் ஆட்டலாமா?”

நான் மாதையன் முகத்தைப் பார்த்தேன். இதோ, ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“புழுவும் புள்ளையும் ஒண்ணுங்களா? புழுவுக்கு மொத்தமே ஒரு மாச உசுரு, அதுக்குள்ள தூங்கினாத்தான் உண்டு. புள்ளைக்கு வயசு கெடக்குது. அப்புறமாத் தூங்கிக்கும்.”

இன்றைக்கும் அந்த ஆள் சொன்னதை நினைத்தால் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது.

“சரி, புழு ஏறுற வரைக்கும் புள்ளையை வேற வீட்டுல படுக்க வைக்க முடியாதா?” என்று கேட்டார் ரெஜினா அம்மா.

கோவிந்தம்மா பக்கத்துச் சுவரைப் பார்த்தார். மாதையன் தரையைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாதையனின் அண்ணன் வீடு. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அண்ணனும் அண்ணியும் மட்டும் இருந்தார்கள். ஒரு அறை காலியாகவே கிடந்தது. ஆனால் பொதுக்கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்ற தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. ஊரில் சாவு விழுந்தால்கூட ஒருவர் வந்துபோன பிறகுதான் மற்றவர் போவார்.

“அந்த வூட்டு வாசப்படி நான் மிதிக்க மாட்டேங்க” என்றார் மாதையன். பேச்சு அதோடு முடிந்தது.

வெளியே வந்ததும், தனத்தை என் அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். நான் அந்த ஊரிலேயே ஒரு வாடகை அறையில் இருந்தேன். ரெஜினா அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “இந்த வாரம் நீ வச்சுக்குவே. அடுத்த தடவை புழு வச்சா? உனக்கு மாற்றல் வந்தா? அண்ணன் வீட்டுக்கும் நீ தூது போகாதே. அப்புறம் அது பால்வாடிச் சண்டையாயிடும்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “நாளைக்கு வரைக்கும் புழு தூங்கும்னார் இல்லே? அவருக்கு நாளைக்கு வேலை இருக்காது. பால்வாடிக்கு வரச்சொல்லு. வந்து, பிள்ளை எப்படி விழுதுன்னு கண்ணால பார்க்கச் சொல்லு. நீ ஒண்ணும் விளக்காதே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மாதையன் வந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். தனம் நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் அம்மாவோடு வந்தாள். வந்தவள் பாட்டுப் பாடினாள், அப்பா பார்க்கிறார் என்று இன்னும் சத்தமாகப் பாடினாள். ஒரு பையனின் சிலேட்டைப் பிடுங்கினாள். அவன் கடித்தான், இவளும் கடித்தாள். இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்தேன். சாப்பாட்டு நேரம் வந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஒரு தடவைகூடச் சாயவில்லை.

மாதையனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. “இன்னைக்கு உழவே இல்லீங்களே டீச்சர்” என்றார், ஏதோ நான் ஏமாற்றிவிட்டதைப் போல.

விளக்காதே என்றுதான் ரெஜினா அம்மா சொல்லியிருந்தார். கேட்காதே என்று சொல்லவில்லை. “நேத்து ராத்திரி எத்தனை தடவை தூக்கி உக்கார வெச்சீங்க?” என்றேன்.

அவர் யோசித்தார். “தூக்கலீங்க. எலை போடலையே. புழு தூங்குச்சு.”

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் புழு எழுந்துவிட்டது. பெருந்தீனி ஆரம்பித்தது. அடுத்த நாள் தனம் வந்ததும் வராததுமாகச் சாய்ந்தாள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். நான் எழுப்பவில்லை. அவளுடைய இடத்தில் பாயை விரித்துப் படுக்கவைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு மாதையன் மேல் கோபமான கோபம். கண்ணால் பார்த்த பிறகும் ஒரு மனிதனுக்குக் கிணறு பெரிதாக இருக்குமா என்று மாரியம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். “பங்காளிச் சண்டன்னா அப்பிடித்தாங்க” என்று அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் காலையில் தனம் தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு வந்தாள். கோவிந்தம்மாவுக்கு இரட்டைப் பின்னல் போட நேரமே கிடையாது. “யாரு பின்னி உட்டது?” என்று கேட்டேன். “பெரிம்மா” என்றாள். அன்றைக்கு அவள் தூங்கி விழவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் பார்த்தபோது கோவிந்தம்மா சொன்னார். முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் மாதையன் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாராம். எங்கே என்று கோவிந்தம்மா கேட்கவில்லை. அண்ணன் வாசலில் போய் நின்றாராம். கூப்பிடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அண்ணிதான் விளக்கு வைக்க வந்தவர் பார்த்துவிட்டு, “என்னங்க, நின்னுட்டீங்க?” என்றாராம்.

“புள்ளைக்கு வூட்ல தூங்க எடமில்லீங்கண்ணி” என்று மட்டும் சொன்னாராம் மாதையன்.

உள்ளே அண்ணன் கட்டிலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டதாம். இதைச் சொல்லும்போது கோவிந்தம்மா குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. புழு ஏறி, கூடு கட்டி, கூடு எடுக்கும் நாளும் வந்தது. நாளைக்குச் சந்தை என்றபோது கோவிந்தம்மாவே, “இருந்தாலும் ஒரு சூடு போட்டு வெச்சிட்டா நல்லதுன்னு எங்க பொறந்த வூட்ல சொல்றாங்க டீச்சர். பெரியவர்கிட்டச் சொல்லியும் உட்டாச்சு” என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. புழு ஏறிவிட்டதால் பிள்ளை இனி எப்படியும் விழப்போவதில்லை. இப்போது போய்ச் சூடு போட்டுவிட்டு வந்தால், பெயர் சூட்டுக்குத்தான் போகும். அப்புறம் ஊரில் சாய்கிற பிள்ளைக்கெல்லாம் அதுதான் வைத்தியம். இதை நினைத்ததும் என்னால் படுக்க முடியவில்லை.

விடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். மாதையன் பிள்ளையோடு வந்தால் பஸ்ஸுக்குக் குறுக்கே நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். சந்தைக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் மூட்டைகளோடு நின்றிருந்தார்கள்.

மாதையன் வந்தார். தலையில் ஒரு பட்டுக்கூட்டு மூட்டை, கையில் ஒன்று. பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

“தனம் வரலீங்களா?” என்றேன்.

அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது எங்கண்ணன் வூட்ல தூங்குதுங்க டீச்சர். எழுப்ப மனசு வரல.”

நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.